வார்டின் மூன்றாம் நாள்

மனநல வார்டில் ஒருவரைச் சேர்க்கும்போது அவர் கையிலும் பையிலும் உள்ளதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெல்ட், செல்போன், கொஞ்சம் பணம். வந்திருப்பவர் மனச்சிதைவு நோயுள்ள ஆண் என்றால், பல சமயம் இவற்றோடு ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் சேர்ந்து வெளியே வரும். பெல்ட்டும் செல்போனும் பதிவேட்டில் ஏறும். பீடி குப்பைக்கூடைக்குப் போகும், அல்லது கூட வந்த அண்ணன் கையில் கொடுத்து அனுப்பப்படும். மருத்துவமனைக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் சொல்வது. அதில் தவறில்லை. நோயாளிக்கும் நல்லது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் நல்லது.

ஆனால் அந்த நேரத்திலிருந்து அவர் உடம்பில் இரண்டு மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று மூளையில் நடப்பது. சில மணி நேரத்தில் வெளியே தெரியும். இன்னொன்று கல்லீரலில் நடப்பது. தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். முதலாவது, நோய் முற்றுவதுபோலத் தோற்றம் தரும். இரண்டாவது, மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததுபோலத் தோற்றம் தரும். ‘நாளொன்றுக்கு 25 பீடி’ என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டையும் இன்னதென்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பல இடங்களில் அந்த வரி எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டாலும் குடிப்பழக்கத்தோடு சேர்த்துக் ‘கெட்ட பழக்கங்கள்’ என்ற கட்டத்துக்குள் ஒரு டிக் குறியாக முடிந்துபோகிறது. புகைப்பழக்கத்தை ஒழுக்கக் கணக்கில் வைத்துப் பார்க்கும்வரை, சிகிச்சைக் கணக்கில் அது செய்யும் வேலை யார் கண்ணிலும் படாது.

மூளையிலிருந்து தொடங்கலாம். இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் பத்து இருபது நொடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. வந்த வேகத்திலேயே வடியவும் தொடங்குகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். நாள் முழுக்கப் புகைப்பவர் கண் விழித்ததும் முதல் காரியமாக ஒன்றைப் பற்றவைப்பது இதனால்தான். அப்படிப்பட்டவரை மதியம் வார்டில் சேர்த்தால், இரவுச் சாப்பாடு வருவதற்குள் விலகல் அறிகுறிகள் ஆரம்பித்துவிடும்: எரிச்சல், பதற்றம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எதிலும் மனம் நிற்காமை, மனச்சோர்வு, தூக்கமின்மை, அடங்காத பசி. இரண்டாம் மூன்றாம் நாளில் இவை உச்சத்தைத் தொடும். அதன்பின் மெல்லத் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும்.

இனி, வார்டின் மூன்றாம் நாள் குறிப்பேட்டில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி இரவு தூங்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். கதவைத் தட்டி, வெளியே விடச் சொல்லிக் கத்தினார். அட்டெண்டரிடம் சண்டைக்குப் போனார். இதே வரிகளை மூன்று விதமாகப் படிக்க முடியும். நோயின் வேகம் இன்னும் அடங்கவில்லை என்பது ஒன்று. கொடுத்த மருந்தால் கால்கள் ஓரிடத்தில் தரிக்காமல் துடிக்கும் அகதீசியா என்ற பக்கவிளைவு வந்திருக்கிறது என்பது இரண்டு. நிகோட்டின் கிடைக்காமல் உடம்பு தவிக்கிறது என்பது மூன்று. நோயின் வேகம் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். அகதீசியா என்றால் அதே மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும். நிகோட்டின் தவிப்பு என்றால் நிகோட்டின் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே இரவில் கலந்து இருக்கவும் கூடும். அவசரத்தில் கை போவது பெரும்பாலும் முதல் விடைக்குத்தான்: ஊசி. ஊசி அவரைத் தூங்க வைக்கும். தவிப்புக்கான காரணத்தைத் தொடாது. மறுநாள் விழித்ததும் அதே தவிப்பு, கூடவே ஊசியின் மந்தமும் நாக்குத் தடிப்பும்.

இது வெறும் ஊகம் இல்லை. மைக்கேல் ஆலனும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அவசர மனநலப் பிரிவுக்குக் கொந்தளிப்போடு வந்த, புகைப்பழக்கமுள்ள 40 மனச்சிதைவு நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான மருந்துகள் எல்லோருக்கும் உண்டு. கூடுதலாகப் பாதிப் பேரின் தோலில் 21 மில்லிகிராம் நிகோட்டின் பேட்ச். மீதிப் பேருக்கு நிகோட்டின் இல்லாத வெற்றுப் பேட்ச். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, அளவிடுபவருக்கும் தெரியாது. நான்கு மணி நேரத்தில், நிகோட்டின் பெற்றவர்களின் கொந்தளிப்பு மதிப்பெண் மற்றவர்களுடையதைவிட 33 விழுக்காடு குறைந்திருந்தது. 24 மணி நேரம் கழித்தும் 23 விழுக்காடு வித்தியாசம் இருந்தது. நாற்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரு சாதாரண ஒட்டுப்பட்டை இத்தனை தணிப்பைத் தருகிறது என்றால், நோயின் உக்கிரம் என்று நாம் கணக்கில் எழுதியதில் ஒரு பங்கு அந்த நோயுடையதே இல்லை என்று ஆகிறது. அந்தப் பங்குக்காக எத்தனை பேரைக் கட்டிலோடு கட்டியிருப்போம், எத்தனை ஊசிகள் கூடுதலாகப் போட்டிருப்போம் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

கல்லீரலில் நடப்பது இதைவிடச் சிக்கலானது, பேசப்படுவதும் குறைவு. மனச்சிதைவு நோய்க்கான இரண்டு முக்கிய மருந்துகளான க்ளோசபின், ஒலான்சபின் ஆகியவற்றை உடம்பிலிருந்து கழித்துக்கட்டும் வேலையைப் பெருமளவு செய்வது கல்லீரலிலுள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி. புகையிலை எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற கரிப்பொருள்கள் இந்த நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகைப்பவர் உடம்பில் நொதி அதிகம் உருவாகும், மருந்து சீக்கிரம் கழியும். ஆகவே அவருக்கு அதே பலன் கிடைக்க மருந்து அதிகம் வேண்டியிருக்கிறது. இந்தத் தூண்டலை முழு அளவுக்குக் கொண்டுபோக நாளுக்கு ஏழு முதல் பன்னிரண்டு சிகரெட் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதைச் செய்வது நிகோட்டின் இல்லை, புகை. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால் நேரும் குழப்பங்கள் அநேகம். நிகோட்டின் பேட்ச் ஒட்டியவருக்கும், நிகோட்டின் சூயிங்கம் மெல்பவருக்கும் தவிப்பு அடங்கும். ஆனால் புகை நின்றுவிட்டதால் நொதி இறங்கத்தான் செய்யும். வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கும், பாக்கெட் புகையிலையைக் கன்னத்தில் அடக்குபவருக்கும் நிகோட்டின் அடிமைத்தனம் முழுமையாக உண்டு, நொதித் தூண்டல் கிடையாது. ‘புகையிலைப் பழக்கம் உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டு ‘உண்டு’ என்று குறித்துக்கொண்டால் நம் ஊரில் பாதித் தகவல்தான் கிடைக்கும். பற்றவைப்பதா, மெல்லுவதா, எத்தனை என்று கேட்டால்தான் மருந்தளவுக்கு உதவும்.

புகைத்தலை நிறுத்தினால் நொதியின் கூடுதல் வேகம் ஏறக்குறைய 39 மணி நேரத்தில் பாதியாகிறது. நான்கைந்து நாளில் பெரும்பகுதி அடங்கிவிடும். மருந்தளவு மாறாமல் இருக்க, ரத்தத்தில் க்ளோசபின் ஏறுகிறது. ஒன்றரை மடங்காவது சாதாரணம். சிலருக்கு அதற்கும் மேல். க்ளோசபின் விஷயத்தில் இது விளையாட்டில்லை. வாயில் எச்சில் ஒழுகுவது, எழுப்ப முடியாத உறக்கம், எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவது, குடலே அசையாத அளவு மலச்சிக்கல், கடைசியில் வலிப்பு. மலச்சிக்கல் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்; க்ளோசபின் எடுப்பவர்களில் அது உயிரைப் பறித்ததும் உண்டு. இதனால் புகைத்தலைத் திடீரென நிறுத்துபவருக்கு க்ளோசபின் அளவை மூன்றில் ஒரு பங்குவரை, சிலருக்குப் பாதிவரைகூடப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது நிபுணர்களின் பொதுவான வழிகாட்டல். கூடவே ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதை மருத்துவர்களுக்குத் தனியாகவே நினைவூட்டியது. க்ளோசபின் அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனை நம்மிடம் பெருநகரங்களைத் தாண்டினால் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் கண்ணும் காதும்தான் கருவி: நோயாளி தினமும் மலம் கழிக்கிறாரா, தலையணை எச்சிலில் நனைகிறதா, காலையில் எழுப்பினால் எழுகிறாரா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றைக் கழிக்கும் நொதிகள் வேறு.

காபியும் டீயும் இதே கணக்கில் வருகின்றன. காஃபினைக் கழிப்பதும் அதே நொதிதான். புகையை நிறுத்தியவர் வழக்கமான ஆறு டம்ளர் டீயைக் குடித்தால், ரத்தத்தில் காஃபின் முன்பைவிட ஏறக்குறைய இரு மடங்காக நிற்கும். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. இதையும் நிகோட்டின் தவிப்பு என்றோ நோய் என்றோ வாசித்துவிடலாம். புகையை நிறுத்தும் வாரத்தில் டீயைப் பாதியாக்கச் சொல்வது எவ்வளவு எளிய ஆலோசனை! சொல்பவர்கள்தான் குறைவு.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் கொடுமை. ஒரு மாதம் புகையில்லாத வார்டில் இருந்து, அங்கே சரியாக அமைந்த மருந்தளவோடு ஒருவர் வீட்டுக்குப் போகிறார். வாசலுக்கு எதிரிலேயே பெட்டிக்கடை. முதல் நாளே பீடி தொடங்குகிறது. நொதி மறுபடி ஏறுகிறது, மருந்து ரத்தத்தில் இறங்குகிறது, சில வாரங்களில் குரல்கள் திரும்ப வருகின்றன. வீட்டில் அம்மா வேளை தவறாமல் மாத்திரையைக் கொடுத்திருப்பார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருப்பார். ஆனாலும் மருத்துவர் அவரிடம் கேட்கப்போவது, “மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?” என்ற கேள்வியைத்தான். செய்யாத பிழைக்கு அந்த அம்மா தலைகுனிந்து நிற்பார். டிஸ்சார்ஜ் சீட்டில், ‘இந்த மருந்தளவு புகைக்காத நிலையில் அமைக்கப்பட்டது, மீண்டும் புகைத்தால் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

மனச்சிதைவு நோயாளிகள் ஏன் இவ்வளவு புகைக்கிறார்கள்? 1986இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜான் ஹ்யூஸும் மற்றவர்களும் எடுத்த கணக்கில் மனச்சிதைவு நோயாளிகளில் 88 விழுக்காட்டினர் புகைத்தார்கள். பல ஆண்டுகள் பாடநூல்களில் இந்த எண்ணே சுற்றிவந்தது. ஹோசே டி லியோனும் ஃபிரான்சிஸ்கோ டயஸும் 20 நாடுகளின் 42 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்டபோது சராசரி 62 விழுக்காடு என்று வந்தது. எண்ணிக்கை மட்டுமில்லை, ஆழமும் அதிகம். நியூ ஜெர்சியின் ஜில் வில்லியம்ஸ் குழு 2005இல் கண்டது இது: அதே எண்ணிக்கை சிகரெட் பிடிக்கும் மற்றவர்களைவிட மனச்சிதைவு நோயாளிகளின் ரத்தத்தில் நிகோட்டின் 1.3 மடங்கு இருந்தது. அதே சிகரெட்டிலிருந்து அதிகம் உறிஞ்சி எடுக்கிறார்கள். நகம்வரை பழுப்பேறிய ஆள்காட்டி விரலும் நடுவிரலும், உதட்டைச் சுடும்வரை விடாத துண்டு பீடியும் எந்த மனநல வெளிநோயாளிப் பிரிவுக்கும் பழகிய காட்சி.

இந்த எண்கள் எல்லாவற்றையும் வேறு கோணத்தில் பார்க்க வைத்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில் சீனிவாசனும் ஆர். தாராவும் மனச்சிதைவு நோயுள்ள 286 ஆண்களிடம் புகைப்பழக்கத்தைக் கணக்கெடுத்து, 2002இல் வெளியிட்டார்கள். புகைத்தவர்கள் 38 விழுக்காடு. நாட்டின் பொது ஆண்களின் விகிதத்திலிருந்து இது பெரிதாக விலகவில்லை. ‘எல்லாமே உயிரியல் இல்லை’ என்பதுதான் அந்தக் கட்டுரைத் தலைப்பின் கருத்து. அதே நோய், அதே வகை மூளை மாற்றம், அதே மருந்துகள். மின்னசோட்டாவில் 88, சென்னையில் 38. நோயே மனிதரைப் புகைக்குள் தள்ளுகிறது என்றால் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது.

என்ன காரணமாக இருக்கும்? நான் யோசித்துப் பார்த்த அளவில், பணம் யார் கையில் என்பதுதான் பெரிய காரணம். அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளிகள் பலர் அரசு உதவித்தொகையில் தனியாக வாழ்பவர்கள். அங்கே 2004இல் வெளியான ஓர் ஆய்வில், புகைக்கும் நோயாளிகள் மாத வருமானத்தில் கால் பங்குக்கும் மேல், 27 விழுக்காட்டைச் சிகரெட்டுக்கே செலவிட்டதாகத் தெரியவந்தது. இங்கே நோயாளிகள் பெரும்பாலும் பெற்றோருடனோ உடன்பிறந்தோருடனோ இருப்பவர்கள். பணம் அப்பாவின் பையில். பீடியும் எண்ணித்தான் கைக்கு வரும்: காலையில் இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் இரண்டு. குளித்தால் ஒன்று கூடுதல், மாத்திரை போட்டால் ஒன்று கூடுதல் என்று பேரமும் நடக்கும். குடும்பம் பிடித்த கடிவாளம் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பது நல்லது. பீடியைப் பரிசாக்கியதால் அதன் மதிப்பு ஏறிவிடுகிறது என்பது அதன் மறுபக்கம். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாத்திரையை விழுங்க வைப்பதற்கு அவர்களிடம் இருக்கும் கருவி அது ஒன்றே.

பீடியைப் பரிசாக்கும் வழக்கம் வீட்டில் பிறந்ததும் இல்லை. மருத்துவமனைகள் அதை முறையாகவே செய்து வந்தன. இல்லினாய் மாநிலத்தின் ஆனா அரசு மருத்துவமனையில் டியோடோரோ ஐலனும் நேதன் ஆஸ்ரினும் 1960களில் உருவாக்கிய டோக்கன் முறை உலகம் முழுவதும் பேர் பெற்றது. படுக்கையை மடித்தால், வேலை செய்தால் டோக்கன்; அதைக் கொடுத்துப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். அத்தகைய முறைகளில் பரிசுப் பொருளாகச் சிகரெட்டும் இருந்தது. டோக்கன் இல்லாத வார்டுகளிலும் செவிலியர் கையிலிருந்து கிடைக்கும் சிகரெட்டே நல்ல நடத்தைக்கான கூலி. புகைக்காமல் உள்ளே போய்ப் புகைப்பவராக வெளியே வந்தவர்கள் உண்டு. நோய்க்கும் புகைக்கும் உள்ள உறவை ஆராயும்போது, அந்த உறவுக்குத் தரகு பார்த்தவர்களில் மருத்துவமனையும் ஒன்று என்பதை விட்டுவிடக் கூடாது.

உயிரியல் விளக்கமும் இருக்கிறது; அது வலுவில்லாதது என்று தள்ள மாட்டேன். அரை நொடி இடைவெளியில் இரண்டு ‘டிக்’ ஒலிகளைக் காதில் விழச் செய்தால், ஆரோக்கியமான மூளை முதல் ஒலிக்குக் காட்டும் மின் எதிர்வினையை இரண்டாவதற்குக் காட்டாது. தேவையற்றது என்று அடக்கிவிடும். மனச்சிதைவு நோயில் இந்த அடக்கல் பழுதுபடுகிறது. கொலராடோவின் ராபர்ட் ஃப்ரீட்மன், லாரன்ஸ் ஆட்லர் குழு 1993இல், நோயாளிகள் புகைத்த உடனே சில நிமிடங்களுக்கு இந்தப் பழுது சரியாவதைக் காட்டியது. ஆல்ஃபா-7 என்ற நிகோட்டின் ஏற்பியும், அதற்கான 15ஆம் குரோமோசோம் மரபணுவும் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. நோயாளிகள் தங்களுக்குத் தாங்களே மருந்து செய்துகொள்கிறார்கள் என்ற கருத்து இதிலிருந்து பலம் பெற்றது. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கிய பின் நோயாளிகள் அதிகம் புகைப்பதை ஜோசப் மெக்கெவாய் குழு 1995இல் பதிவு செய்ததும் இதற்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. மருந்து மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது, அதன் மந்தத்தை நிகோட்டின் தற்காலிகமாக விலக்குகிறது என்ற விளக்கம்.

ஆனால் சில நிமிட நிவாரணத்தை மருந்து என்று சொல்லலாமா? அதே ஏற்பியைக் குறிவைத்துத் தயாரான என்செனிக்ளின் என்ற மருந்து, கடைசிக் கட்டப் பெரிய சோதனைகளில் 2016இல் தோற்றது. இன்னொரு சங்கடமான தகவலும் உண்டு. லண்டனின் ஜேம்ஸ் மெக்கேப் குழு 2015இல் தொகுத்த ஆய்வில், மனநோயின் முதல் தாக்குதலோடு சிகிச்சைக்கு வந்தவர்களிலேயே 57 விழுக்காட்டினர் ஏற்கெனவே புகைப்பவர்கள். மருந்தின் மந்தத்தைப் போக்கப் புகைக்கத் தொடங்கினார்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. புகைக்குப் பின் வரும் தெளிவில் பெரும்பகுதி, முந்தைய புகையின் தவிப்பு நீங்குவதால் வருவது. புகைக்கும் எல்லோருக்கும் அது உண்டு.

நோயாளி தனக்குத் தானே மருந்து செய்துகொள்கிறார் என்ற கருத்து இவ்வளவு பரவியதற்கு இன்னொரு கை உதவியது. வழக்குகளின் விளைவாகப் புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்கள் பொதுப்பார்வைக்கு வந்தன. அவற்றில் மனச்சிதைவு நோய் பற்றியவற்றைத் தேடிப் படித்து, ஜூடித் ப்ரோசாஸ்கா, ஷாரன் ஹால், லீசா பேரோ மூவரும் 2008இல் எழுதினார்கள். தன் மருத்துவம் என்ற கருத்துக்கு ஆதரவான ஆய்வுகளுக்கு நிறுவனங்கள் பணம் கொடுத்திருக்கின்றன. மனநல மருத்துவமனைகளில் புகைத்தடை வராமல் தடுக்கும் முயற்சிகளுக்குத் துணை நின்றிருக்கின்றன. நோயாளிகளுக்கு இலவசச் சிகரெட் அனுப்பக் கேட்டு மருத்துவமனைகளிலிருந்தே கடிதங்கள் போயிருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் புகைத்தடை விதிக்கப்பட்டபோது, நோயாளிகளின் உறவினர்களும் ஆதரவாளர்களும் எதிர்த்ததால் மனநல வார்டுகளுக்கு விலக்கு கிடைத்தது. எதிர்த்தவர்கள் அன்பால்தான் எதிர்த்தார்கள். “அவனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் எப்படிப் பிடுங்கறது?” என்று நம் வீடுகளில் கேட்கும் அதே குரல்தான் அது.

அந்தக் குரலுக்கு மதிப்புக் கொடுத்தே மறுக்கிறேன். மனச்சிதைவு நோயாளிகள் மற்றவர்களைவிடப் பதினைந்து இருபது ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள். அவர்களைக் கொல்வது பெரும்பாலும் மாரடைப்பு, நுரையீரல் நோய், புற்றுநோய். கலிஃபோர்னியாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் மரணங்களை ரஸ்ஸல் காலகன் குழு ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, அவற்றில் 53 விழுக்காடு புகையிலையோடு தொடர்புள்ள நோய்களால் நேர்ந்தவை என்று தெரிந்தது. குரல்கள் கேட்பதாலோ தற்கொலையாலோ ஒரு மகனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் குடும்பம், ஐம்பது வயதில் அவன் மூச்சுத்திணறிப் போவதை எதிர்பார்ப்பதில்லை.

நிறுத்தினால் நோய் கிளம்பிவிடும் என்ற அச்சமும் ஆய்வுகளில் நிலைக்கவில்லை. கிரெகரி டலாக் 1999இல் 19 நோயாளிகளை மூன்று நாள் புகையின்றி இருக்கச் செய்து பார்த்தார். மாயக்குரல், சந்தேக எண்ணம் போன்றவை கூடவில்லை. தெற்கு லண்டனின் மாட்ஸ்லி அறக்கட்டளை மருத்துவமனைகள் 2014 அக்டோபரில் முழுப் புகைத்தடையைக் கொண்டுவந்தபோது வன்முறை பெருகும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். டெபி ராப்சன் குழு 2017இல் வெளியிட்ட கணக்கில், உடல்ரீதியான தாக்குதல்கள் மாதவாரியாக 39 விழுக்காடு குறைந்திருந்தன. தடையோடு நிகோட்டின் மாற்றுச் சிகிச்சையும் பயிற்சி பெற்ற ஆட்களின் உதவியும் அங்கே சேர்ந்தே வந்தன என்பதை இதோடு வைத்துப் படிக்க வேண்டும். வெறும் தடையை மட்டும் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. நம் வார்டுகளில் இருப்பது பெரும்பாலும் வெறும் தடை.

புகையை விட உதவும் வெரினிக்ளின் மாத்திரை மனநோயாளிகளுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துத் துறை 2009இல் கட்டம் கட்டி அச்சிட வைத்திருந்தது. மனநோயுள்ள 4,000க்கும் அதிகமானோர் உட்பட 8,144 பேரிடம் நடந்த ஈகிள்ஸ் சோதனை 2016இல் வெளியானது. அதில் வெரினிக்ளினோ, அதே நோக்கத்துக்கான இன்னொரு மாத்திரையான புப்ரோபியானோ மனநலக் கோளாறுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை. பலனில் வெரினிக்ளினே முந்தியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே எச்சரிக்கை நீக்கப்பட்டது. புப்ரோபியான் வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால் க்ளோசபின் எடுப்பவருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

நிறுத்த முடியுமா என்றால் முடியும், கடினம். பிரிட்டனில் கடும் மனநோயுள்ள 526 பேரிடம் நடந்த ஸ்கிமிட்டார்-பிளஸ் ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மனநலப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பேசி, மருந்துக்கு ஏற்பாடு செய்து, கூடவே நின்றார். ஆறு மாதத்தில் 14 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சைக் குழுவில் 6. ஆனால் ஓராண்டில் 15, 10 என்று இடைவெளி சுருங்கிவிட்டது. ஆதரவு முடிந்த இடத்தில் பலனும் கரைந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நம் ஊரில் கைக்கு எட்டுவது என்ன? 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருந்துச் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதை மிட்டாய்போல மென்று விழுங்கினால் பயனில்லை, வயிறுதான் எரியும். காரம் ஏறும்வரை நாலைந்து முறை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இதை நோயாளிக்கு ஒருமுறை செய்து காட்டினால் பாதி வேலை முடிந்தது. 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் கூப்பிட்டால் தமிழிலும் ஆலோசனை உண்டு. புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். க்ளோசபினோ ஒலான்சபினோ எடுப்பவர் நிறுத்தும் தேதியை மனநல மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். முதல் வாரத்திலேயே மருந்தளவைத் திருத்தப் போக வேண்டும். அம்மாவும் அண்ணனும் அந்த வாரங்களில் வரும் எரிச்சலை நோய் என்று பதறாமல், நான்கு வாரத்தில் அடங்கும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் வாரத்திலும் தூக்கம் வராமல் சந்தேகப் பேச்சு கூடினால் அப்போது அது வேறு. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

புகையை விட்ட பிறகும் அதற்கான மருந்தை உடனே நிறுத்திவிடக் கூடாது. பாஸ்டனின் ஈடன் ஈவின்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனையில், கடும் மனநோயுள்ள 203 பேர் பன்னிரண்டு வாரம் வெரினிக்ளினும் ஆலோசனையும் பெற்றார்கள்; அவர்களில் 87 பேர் புகையை விட்டார்கள். அந்த 87 பேரில் ஒரு பாதிக்கு மாத்திரை தொடர்ந்தது, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஆலோசனை இரு சாராருக்கும் உண்டு. ஓராண்டின் முடிவில், மாத்திரை தொடர்ந்தவர்களில் 60 விழுக்காட்டினர் புகையில்லாமல் இருந்தார்கள், மற்றவர்களில் 19. பன்னிரண்டு வாரத்தோடு சிகிச்சையை முடித்துக்கொள்ளும் வழக்கம் மற்றவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். இவர்களுக்கு ஓராண்டு வேண்டும், அந்த ஓராண்டுக்கான செலவை வீட்டின் தலையில் கட்டாமல் அரசு மருத்துவமனையின் மருந்தகமே ஏற்க வேண்டும்.